அறுவைக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகள்

ஆண்டிபட்டியைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்பே பூப்பறிப்பு தொடங்கிவிடும். சந்தையில் விலை மொட்டுக்குத்தான். விரிந்த பூவுக்கு அல்ல. எனவே இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிகளுக்கிடையே நிற்பார்கள். அந்த வேலைக்கு வேறு கருவி கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கருவி.

எங்கள் தெருவுக்குப் பூக் கொண்டுவரும் பெண்மணி நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தவர். ஈராண்டுகளுக்கு முன்பு மதுரையில் அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை நடந்தது. பின்னர் கீமோதெரபி, அதன் பின்னர் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து, நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். ஒருநாள் முழம் போட்டுக்கொண்டே சொன்னார்: “காலைல எந்திரிச்சா வெரலு மடங்க மாட்டேங்குது டீச்சர். மாத்திரைய நிப்பாட்டுனா சரியாப் போகுது.”

நிறுத்தினால் சரியாகப் போகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நிறுத்திப் பார்த்திருக்கிறார். எத்தனை நாள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பூவை நறுக்கினார்.

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. நானும் அதே மாத்திரையை உண்பவள். நான்காம் ஆண்டு நடக்கிறது. முதலாம் ஆண்டில், மாடிப்படி ஏற முடியாமல் முழங்கால் மரத்துப்போன ஒரு மாதத்தில், யாரிடமும் சொல்லாமல் ஏழு வாரங்கள் நிறுத்திவைத்தேன். அடுத்த முறை மருத்துவர் “ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டபோது, “ஆம்” என்றேன். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த ஒருத்தியின் நிலை இது. வலி வரும் என்றோ, வந்தால் என்ன செய்யலாம் என்றோ மாத்திரையை எழுதிக்கொடுத்த இடத்தில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

‘ஹார்மோன் சிகிச்சை’ என்ற பெயரே முதலில் குழப்பத்தை உண்டாக்குகிறது. உடலுக்கு ஹார்மோனை ஊட்டுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. மார்பகப் புற்றுகளில் ஒரு பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பை உணவாகக் கொண்டு வளர்பவை. அத்தகைய புற்றணுக்களின் மேல் அச்சுரப்பைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கும். அறுவையில் எடுத்த கட்டியைச் சோதித்து ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்று அறிக்கையில் எழுதினால், அதன் பொருள் இதுதான். மேலைநாடுகளில் நான்கில் மூன்று பங்கு புற்றுகள் இவ்வகையின. இந்தியாவில் இந்த விகிதம் குறைவு, பாதியைச் சற்றுத் தாண்டும். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்படியானால், ஆண்டுதோறும் ஒரு லட்சத்தை ஒட்டிய பெண்கள் இந்த மாத்திரையின் நீண்ட பாதையில் கால் வைக்கவேண்டியவர்கள்.

சிகிச்சையின் நோக்கம் அந்த உணவை நிறுத்துவது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. டமாக்ஸிஃபென் என்னும் மருந்து ஏற்பியின் வாயிலில் தான் போய் அமர்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனை உள்ளே விடாமல் தடுக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை வேறுவகை. மாதவிடாய் நின்ற பிறகும் உடலின் கொழுப்புத் திசுவிலும் தசையிலும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது; அரோமடேஸ் என்னும் நொதி அதற்குத் துணைபுரிகிறது. இம்மருந்துகள் அந்த நொதியை முடக்கிச் சுரப்பையே வற்றச் செய்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இவை டமாக்ஸிஃபெனைவிடச் சற்றுக் கூடுதலான பலன் தருகின்றன. மாதவிடாய் நிற்காத இளம் பெண்களுக்கு டமாக்ஸிஃபென்தான் அடிப்படை மருந்து. நோய் தீவிரமாயிருந்தால் சினைப்பையின் இயக்கத்தை ஊசியாலோ அறுவையாலோ நிறுத்துவதும் உண்டு.

சினைப்பைக்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதை மருத்துவம் அறிந்துகொண்ட கதை கால்நடையோடு பிணைந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், பால்சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை அகற்றினால் அது நெடுநாள் கறக்கும் என்ற பண்ணையாளர்களின் அறிவு அவருடைய சிந்தனையைத் தூண்டியது. மார்பகப் புற்று முற்றிய ஓர் இளம் பெண்ணுக்குச் சினைப்பையை அகற்றி, கட்டி சுருங்கியதை 1896இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. டமாக்ஸிஃபெனின் பிறப்பும் ஒரு தோல்வியில்தான். 1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் அதனை உருவாக்கினார். நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மருந்தை; இதுவோ பெண்களுக்குக் கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டியது! கைவிடப்பட்டிருக்க வேண்டிய அந்த மருந்தை மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1971இல் மேரி கோலும் அவருடைய குழுவினரும் முடிவுகளை வெளியிட்டனர்.

இன்று அதன் பயனைப் பற்றி ஐயம் இல்லை. 20 ஆய்வுகளில் பங்கேற்ற 21,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஒருங்கிணைத்து 2011இல் வெளியான பகுப்பாய்வு, ஏற்பி உள்ள புற்றுநோயாளிகள் ஐந்தாண்டுகள் டமாக்ஸிஃபென் உண்டால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. மாத்திரை உண்பது ஐந்தாண்டு. காப்பு அதற்குப் பின்னரும் தொடர்கிறது. ஐந்துக்குப் பதில் பத்தாண்டுகள் உண்டால் பலன் இன்னும் கூடுகிறது என்பதை 2012இல் வெளியான ‘அட்லஸ்’ ஆய்வு காட்டியது.

ஏன் இத்தனை ஆண்டுகள்? இவ்வகைப் புற்று பொறுமைசாலி. அறுவைக்குப் பின் இரத்தத்திலும் எலும்பிலும் எங்கோ ஒளிந்திருக்கும் சில அணுக்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட உறங்கிக் கிடந்து பின் விழிக்கக்கூடும். ஐந்தாண்டு மாத்திரையை முடித்த பெண்களை இருபதாம் ஆண்டுவரை தொடர்ந்து கணக்கிட்டு 2017இல் வெளியான ஆய்வில், முதலில் இருந்த கட்டியின் அளவையும் நிணநீர்க் கணுக்களில் அது பரவியிருந்த அளவையும் பொறுத்து, 10 முதல் 41 விழுக்காடு வரையிலான பெண்களுக்கு நோய் உடலின் வேறு பகுதியில் மீண்டும் தோன்றியது தெரியவந்தது. “எல்லாம் சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்று கேட்கும் உறவினர்கள் அறியாத செய்தி இது.

இவ்வளவு பயனுள்ள மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள்? காரணம், அது தரும் வாழ்க்கை எளிதானதன்று. நடு இரவில் உடல் தீப்பற்றியதுபோல் கொதித்து, சேலை நனைய வியர்க்கும். அடுத்த நொடி குளிரும். உறக்கம் கெடும். மனம் காரணமின்றிச் சோரும். லெட்ரோசோல் வகை மருந்துகளில் மூட்டுகள் இறுகும்; அதிலும் காலையில் எழுந்ததும் அந்த இறுக்கம் மிகுதி. பூப்பறிக்கும் பெண்ணுக்கு நாளின் கூலி முழுவதும் அந்த விடியற்காலையில்தான் இருக்கிறது. சக்கம்பட்டியில் தறிக்கு முன் அமரும் பெண்ணுக்கும் அறுந்த இழையை முடிச்சிட விரல்நுனி வேண்டும். நகரத்து அலுவலகப் பெண்ணுக்கு இது ஒரு துன்பம். இவர்களுக்கு வருமான இழப்பு. மருத்துவக் குறிப்பேட்டில் இரண்டும் ‘மூட்டுவலி’ என்ற ஒரே சொல்லாகத்தான் பதிவாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறப்புறுப்பு வறண்டு, தாம்பத்தியம் வலி மிகுந்ததாகிவிடும். நாற்பது வயதுப் பெண் இதனைக் கணவனிடமும் சொல்ல முடியாமல், ஆண் மருத்துவரிடமும் சொல்ல முடியாமல், மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிறாள். ஹார்மோன் கலக்காத ஈரப்பசைக் களிம்புகள் இதற்கு உண்டு, கேட்டால் எழுதிக்கொடுப்பார்கள். ஆனால், கேட்கும் சூழலை யார் உண்டாக்குவது?

இத்துன்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. மூட்டு இறுக்கத்துக்கு முதல் மருந்து நடை. வலிக்கிறதே என்று படுத்துவிட்டால் வலி கூடும் என்பதை நான் என் முழங்காலிலேயே கற்றேன். முறையான உடற்பயிற்சி வலியைக் குறைப்பதை ஆய்வுகளும் உறுதிசெய்திருக்கின்றன. அதிலும் தீராவிட்டால் மருத்துவர் இரண்டு மூன்று வாரங்கள் நிறுத்தச் சொல்லி, அதே வகையில் வேறொரு மருந்துக்கோ டமாக்ஸிஃபெனுக்கோ மாற்றுவார். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாத பலருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்கிறது. எனக்கு மாற்றித் தந்தது அனஸ்ட்ரோசோல். வலி போகவில்லை, ஆனால் படியேறுகிறேன். நானாக நிறுத்திய ஏழு வாரங்களுக்கும், மருத்துவர் சொல்லி நிறுத்தும் மூன்று வாரங்களுக்கும் உள்ள வேறுபாடு, பின்னதன் முடிவில் ஒரு புதிய மாத்திரை காத்திருக்கிறது என்பதுதான்.

சில எச்சரிக்கைகளை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. டமாக்ஸிஃபென் உண்ணும் பெண்ணுக்கு, மாதவிடாய் நின்ற பிறகு சிறிதளவு உதிரம் கண்டாலும் கருப்பையைச் சோதித்தாக வேண்டும். கருப்பை உட்சுவரில் புற்று தோன்றும் வாய்ப்பை அம்மருந்து சற்றுக் கூட்டுகிறது. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகள் டமாக்ஸிஃபெனின் ஆற்றலைக் குறைக்கக்கூடியவை. வேறு மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். லெட்ரோசோல் வகையினர் எலும்பு அடர்த்தியை ‘டெக்ஸா’ சோதனையால் அவ்வப்போது அளந்துகொள்ள வேண்டும். கால்சியம், வைட்டமின்-டி இரண்டும் தேவை. நம் ஊர்க் கேழ்வரகுக் கூழை இதற்காகவே மீண்டும் அடுப்பேற்றலாம்.

கீமோதெரபிக்குப் பின் மாதவிடாய் நின்றுபோனதால் கருத்தரிக்க இயலாது என்று நம்பும் இளம் பெண்களுக்கும் ஒரு சொல். அது திரும்பக்கூடும். டமாக்ஸிஃபென் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கானது என்பதால், ஹார்மோன் இல்லாத கருத்தடை முறையைக் கையாள வேண்டும். குழந்தை வேண்டும் என்று விரும்புவோருக்குக் கதவு அடைக்கப்படவில்லை. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் மருந்து உண்டபின், கருத்தரிப்புக்காக அதனை ஈராண்டுகள் வரை நிறுத்திவைத்த 516 பெண்களைப் பற்றிய ‘பாசிட்டிவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. குறுகிய காலத்தில் நோய் திரும்புவது அவர்களிடம் கூடவில்லை. ஆனால் அது மருத்துவரோடு சேர்ந்து போடும் திட்டம். மாமியார் சொன்னார் என்று நிறுத்துவதல்ல.

இனி, என் துறை. கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துக் கொள்முதலைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டும் முறையாக மருந்து உண்டவர்கள் 49 விழுக்காட்டினர் மட்டுமே. மறுஆண்டு வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, மருந்துக்கு நோயாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை கூடக்கூட, மருந்தைக் கைவிடுவோரும் கூடுவதைக் காட்டியது. செல்வ நாட்டிலேயே இதுதான் நிலை. பொருளியலில் இதனைக் காலத் தள்ளுபடி என்போம். இன்றைய வலி முழு எடையோடு நிற்கிறது. பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் நன்மையை மனம் தள்ளுபடி செய்து அற்பமாக மதிக்கிறது. இங்கே நன்மை என்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. வராமல் போன நோயை யார் பார்த்திருக்கிறார்கள்?

மாத்திரையின் விலையா தடை? அன்று. டமாக்ஸிஃபென் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பது; ஒரு மாத்திரை சில ரூபாய்தான். அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை. உண்மையான விலை பயணத்தில் இருக்கிறது. வருசநாட்டுப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக ஆண்டிபட்டி வந்து, கணவாயைக் கடந்து மதுரை பாலரெங்காபுரத்தில் உள்ள அரசு புற்றுநோய் மையத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுவதும் ஆகும். ஆண்டிபட்டியிலிருந்தே மதுரை ஏறத்தாழ 60 கி.மீ. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளில்தான். மதுரைப் பேருந்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். 2022இல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது உதவிதான், ஆனால் அது மலைக்கிராமம்வரை வராது. மாதம் ஒருமுறை என்று கொண்டால் ஐந்தாண்டுக்கு 60 பயணங்கள். நாள் கூலியை ரூ.400 என்று வைத்தாலும், பேருந்துக் கட்டணம் நீங்கலாக இழக்கும் கூலி மட்டும் ரூ.24,000. துணைக்கு ஒருவர் வந்தால் இரட்டிப்பு. இலவசம் என்று நாம் சொல்லும் மாத்திரையின் விலை இது.

இப்பெண்களில் பலர், நிறுத்துவது என்று முடிவெடுத்து நிறுத்துவதில்லை. ஒரு மாதம் கோயில் திருவிழா, ஒரு மாதம் பேரனுக்குக் காய்ச்சல், ஒரு மாதம் பூ விலை ஏறிய பருவம். பயணம் தள்ளிப்போகிறது, கையிருப்பு தீர்கிறது, வலியும் குறைகிறது. வலி குறைந்த அந்த வாரத்தில் மாத்திரைக்கு எதிராக உடல் வாக்களித்துவிடுகிறது.

அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அரசும் காப்பீடும் பெருந்தொகை செலவிடுகின்றன. அதன் பயனைக் காக்கும் மலிவான பகுதியை நோயாளியின் மனவுறுதியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். வைகை அணையைக் கட்டிவிட்டு வாய்க்காலைத் தூர்வாராமல் விடுவதைப் போன்றது இது. கட்டுவதற்கு ஒதுக்கீடு கிடைக்கும், பராமரிப்புக்குக் கிடைக்காது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். அது என் உடலுக்கும் பொருந்தும் என்று அப்போது நினைக்கவில்லை.

தீர்வுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஹார்மோன் மாத்திரையும் நாளுக்கு ஒன்று, குளிர்பதனம் தேவையில்லை, ஊசியில்லை. புற்றுநோய் மருத்துவர் ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்து எழுதிக்கொடுத்த சீட்டின்படி, மும்மாத இருப்பை ஆரம்ப சுகாதார நிலையம் வழங்கினால் அறுபது பயணங்கள் பத்தாகச் சுருங்கிவிடும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெண் என்பது கூடுதல் நன்மை. “கை கால் எப்படி இருக்கிறது, உதிரம் ஏதும் படுகிறதா, எத்தனை நாள் விட்டுப்போயிற்று” என்று அவரால் அடுப்படியில் உட்கார்ந்து கேட்க முடியும். ‘விட்டுப்போயிற்றா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்போம்; ‘எத்தனை நாள்’ என்று கேட்டால் உண்மை வரும். நான் பொய் சொன்ன அனுபவத்தில் சொல்கிறேன்.

புற்றுநோய் மருந்தைக் கிராமச் செவிலியர் கையாளலாமா என்று சிலர் தயங்கக்கூடும். இங்கே மருந்தைத் தேர்ந்தெடுப்பதோ மாற்றுவதோ அவர் வேலையன்று. தொடர்வதைக் கவனிப்பதும் தொந்தரவைக் கண்டால் மருத்துவரிடம் திருப்பி அனுப்புவதும்தான். தேனி மாவட்டத்துக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் திட்டத்தைத் தமிழ்நாடு 2007இல் முதன்முதலில் சோதித்துப் பார்த்தது தேனியிலும் தஞ்சாவூரிலும்தான். இங்குள்ள செவிலியர்கள் பெண்களிடம் கூச்சமான வினாக்களைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். பெண்களும் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அந்த முன்னோட்டம் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதே மாவட்டத்தில் இதையும் தொடங்கிப் பார்க்கலாம். அளவுகோல் ஒன்றே ஒன்று போதும்: எத்தனை அறுவைகள் நடந்தன என்பதோடு, மூன்றாம் ஆண்டின் முடிவில் எத்தனை பெண்கள் இன்னும் மாத்திரை உண்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

பூக்காரப் பெண்மணியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவருக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலைப் பறிப்பை விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு மேல் கட்டும் வேலைக்கு மாறியிருக்கிறார், கூலி குறைவு. அவருக்கு இரத்த அழுத்தமும் உண்டு. அந்த மாத்திரையோடு மாதந்தோறும் ஒரு பெண் அவர் வீட்டுக்கு வருகிறார். மற்ற மாத்திரைக்கு அடுத்த வாரம் அவர் மதுரை போக வேண்டும்.